ஒரே ஒரு நெசவாளர் சங்கத்தை வைத்து பிஎச்டி செய்ய முடியுமா? கேஸ் ஸ்டடி முறை பற்றிச் சில சந்தேகங்கள்

தறிச்சத்தம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சமூகவியலில் பகுதிநேர பிஎச்டி செய்கிறேன். ஈரோடு பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கும் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு சங்கம்தான் என் ஆய்வுக்களம். அந்த வட்டாரத்தில் பல சங்கங்கள் இன்று பேருக்குத்தான் இருக்கின்றன. வாசலில் போர்டு தொங்கும், உள்ளே பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) கொடுத்து வருஷக்கணக்காகியிருக்கும். இந்தச் சங்கம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. கூலி இழுத்தடிப்பதில்லை என்கிறார்கள். தேர்தல் வந்தபோதெல்லாம் இரண்டு அணி நின்றிருக்கிறது, தோற்றவர்கள் கோபித்துக்கொண்டு முதலாளிமாரிடம் கூலிக்கு நெய்யப் போய்விடாமல் சங்கத்திலேயே இருந்திருக்கிறார்கள். நடுவில் தேர்ந்தெடுத்த குழு இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருந்த காலத்திலும் சங்கம் படுத்துவிடவில்லை. ஏன் என்பதுதான் என் கேள்வி. கேஸ் ஸ்டடியாக, அதாவது ஒரே இடத்தை எடுத்து முழுசாக ஆராய்வதாக, செய்யப்போகிறேன் என்று சினாப்சிஸில் (ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில்) எழுதியிருந்தேன்.

டிசி (பிஎச்டி ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்கில் அந்த இடத்தில்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு உறுப்பினர், "சாம்பிள் சைஸ் ஒன்றா? ஒரு சங்கத்தைப் பார்த்துவிட்டுத் தமிழ்நாட்டுச் சங்கங்களைப் பற்றி என்ன சொல்லப்போகிறீர்கள், குறைந்தது முப்பதாவது எடுங்கள்" என்றார். இன்னொருவர் ரொம்ப அன்பாகவே, "150 பேருக்குக் கேள்வித்தாள் கொடு, சதவிகிதம் போடு, கை-ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனை போடு, நிம்மதியாக முடித்துவிடலாம்" என்றார். என் கைடு இரண்டு பக்கமும் சாயவில்லை. "நீயே யோசி, ஆனால் அடுத்த மீட்டிங்கில் பதில் சொல்லத் தெரியவேண்டும்" என்று விட்டுவிட்டார்.

எனக்கு மூன்று சந்தேகம். ஒரே கேஸ் போதும் என்பதை எப்படி நியாயப்படுத்துவது? உள்ளேயே ஒரு சர்வேயும் செய்தால் அது பண்புசார் ஆய்வு (எண்ணிக்கையைவிடப் பேட்டியையும் நேரில் பார்ப்பதையும் நம்பும் ஆய்வு) இல்லாமல் போய்விடுமா? அப்புறம், அது சின்ன ஊர், பெயரை மாற்றினாலும் யார் என்ன சொன்னார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதற்கு என்ன செய்வது?

"கேஸ் ஸ்டடி ஆழமானது, சர்வே அகலமானது" என்ற பாடப்புத்தக வரியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அதை ஏற்கெனவே சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன்.

வைகைக்கரை எழுதியது:

முப்பது சங்கம் எடுங்கள் என்றவருக்கு முதலில் ஒரு பதில். ஒரு பெரிய கூட்டத்தின் சராசரியைச் சொல்ல வேண்டுமானால் சாம்பிள் வேண்டும், அதன் அளவும் முக்கியம். நீங்கள் சராசரியைச் சொல்லக் கிளம்பவில்லை. சராசரிச் சங்கம் படுத்துக்கிடக்கிறது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எல்லாம் படுத்த இடத்தில் ஒன்று ஏன் நிற்கிறது என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு முப்பது சங்கத்தின் சராசரி ஒரு பதிலும் தராது.

ஆனால் அவர்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு உங்களிடம் பதில் இருந்தாக வேண்டும். உங்கள் சங்கம் எதனுடைய கேஸ்? "கூட்டுறவு சங்கத்தின் கேஸ்" என்றால் அது பதில் இல்லை. உங்கள் பதிவிலேயே பதில் ஒளிந்திருக்கிறது, நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை: இரண்டு அணி, தோற்றவர்கள் வெளியேறவில்லை.

1911-ல் ராபர்ட் மிஷெல்ஸ் என்பவர் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சியை முக்கியமாக எடுத்துக்கொண்டு ஒரு வாதம் வைத்தார். எந்த அமைப்பும் பெரிதானால் அதிகாரம் ஒரு சிலர் கையில் போய் உறைந்துவிடும், உறுப்பினர்கள் கைதட்டுகிற கூட்டமாக ஆகிவிடுவார்கள் என்பது வாதம். சிலராட்சியின் இரும்பு விதி என்று அதற்குப் பெயர். அவர் ஏன் அந்தக் கட்சியை எடுத்தார் என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். மன்னராட்சி ஆதரவுக் கட்சி ஒன்றை எடுத்து அங்கே சில பேர் ஆட்டிவைக்கிறார்கள் என்று எழுதியிருந்தால் யார் ஆச்சரியப்படுவார்கள்? ஜனநாயகத்தையே கொள்கையாக வைத்திருந்த கட்சியிலேயே இது நடக்கிறது என்றால் மற்ற இடத்தில் கேட்கவே வேண்டாம். இப்படி, விதி பலிக்க வாய்ப்பு மிகக் குறைவான இடத்தில் போய்ச் சோதிப்பதை பென்ட் ஃப்ளூபியா 2006-ல் எழுதிய கட்டுரையில் தீர்மானகரமான கேஸ் என்கிற வகையில் வைக்கிறார். கேஸ் ஸ்டடி பற்றிய ஐந்து தப்பெண்ணங்களை எடுத்து ஒவ்வொன்றாக உடைக்கிற கட்டுரை அது. டிசிக்குப் போகுமுன் அதை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

இப்போது மறுபக்கம். 1956-ல் லிப்செட், ட்ரோ, கோல்மன் மூன்று பேர் அமெரிக்காவின் சர்வதேச அச்சுத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு தொழிற்சங்கம். ஏன் அதை எடுத்தார்கள்? மற்ற சங்கங்களில் ஒரே தலைமை வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்க, இதில் மட்டும் இரண்டு கட்சிகள் இருந்தன, ஆட்சி மாறியது, தோற்ற தலைவர் பழையபடி வேலைக்குத் திரும்பினார். மிஷெல்ஸ் விதிக்கு அடங்காத பிள்ளை. அதனால்தான் அதைப் படிப்பதில் லாபம். லிப்செட்டின் அப்பாவே அந்தச் சங்கத்தில் உறுப்பினர் என்பது கூடுதல் சுவாரசியம்.

அவர்கள் கண்ட காரணங்களைப் பாருங்கள், உங்கள் ஊரை நினைத்துக்கொண்டே பாருங்கள். அச்சுக்கோப்பவர்களுக்கு நல்ல கூலி, தொழிலில் மரியாதை. அதனால் தலைவர் பதவி போனாலும் பழைய வேலைக்குத் திரும்புவது பெரிய வீழ்ச்சியாக இல்லை, பதவியை உயிரைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பலருக்கு இரவு ஷிஃப்ட். ஊர் விழித்திருக்கும்போது தூங்கி, தூங்கும்போது விழித்திருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பழகினார்கள், கிளப் வைத்தார்கள், விளையாடினார்கள், அரசியல் பேசினார்கள். தலைமையின் கைக்கு எட்டாத இந்தச் சின்னச் சின்னக் கூடுகைகளில்தான் எதிரணி வளர்ந்தது.

உங்கள் களத்துக்குக் கேள்வி இதிலிருந்து தானாக வரும். சங்கத் தலைவர் பதவி முடிந்ததும் என்ன ஆனார், தறிக்குத் திரும்பினாரா? நெசவாளர்கள் சங்கத்துக்கு வெளியே எங்கே கூடுகிறார்கள், டீக்கடையா, கோயில் கமிட்டியா, சீட்டா? தோற்ற அணிக்காரருக்குப் பாவு கொடுப்பதில் பாகுபாடு நடந்ததா? நடந்திருந்தால் ஏன் போகவில்லை, நடக்கவில்லை என்றால் யார் தடுத்தது?

இதைச் செய்தால் டிசியில் நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: என் முடிவைத் தமிழ்நாட்டின் எல்லாச் சங்கங்களுக்கும் நீட்டவில்லை. மிஷெல்ஸ் விதியும் லிப்செட் சொன்ன விலக்கும் எந்த நிலைமையில் பொருந்தும் என்பதை இந்தச் சங்கத்தை வைத்துத் திருத்துகிறேன். எண்ணிக்கையிலிருந்து மக்கள்தொகைக்குப் போகாமல் கேஸிலிருந்து கோட்பாட்டுக்குப் போகிறேன். கேஸ் ஸ்டடி முறை பற்றி நூல் எழுதிய ராபர்ட் யின் இதைப் பகுப்பாய்வுப் பொதுமையாக்கம் என்று 1984-லிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்கும் அங்கேயே பதில் கிடைக்கும். லிப்செட் குழு அந்த ஒரே கேஸுக்குள் நியூயார்க் கிளை உறுப்பினர்களிடம் முறையான சர்வே எடுத்தது. கேஸ் ஸ்டடிக்கு எந்தத் தரவும் தீட்டு இல்லை. சங்கம்தான் உங்கள் கேஸ், அதற்குள் நிர்வாகக் குழு, நெசவாளர் வீடுகள், விற்பனை என்று உள்ளலகுகளை வைத்து, அதில் ஒன்றுக்குச் சர்வே வைத்தால் தாராளமாகப் பொருந்தும். 150 கேள்வித்தாளே முழு ஆய்வாகி, சங்கம் பின்னால் தொங்குகிற திரைச்சீலையாக ஆனால்தான் கேஸ் ஸ்டடி கெட்டது.

கணக்குப்புள்ளி எழுதியது:

நான் புள்ளியியல் ஆள். அடிக்க வரவில்லை, ஆனால் மேலே எழுதியிருப்பது கொஞ்சம் சுலபமாகத் தப்பிக்க வைக்கிறது.

முதலில், யாரும் "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று டிசியில் எடுத்துவிடாதீர்கள். அது எங்கள் கட்சிப் பழமொழி. பானைக்குள் எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்ததால்தான் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். நீங்கள் எடுத்திருப்பது வேகாமல் நிற்கிற ஒரு பருக்கை.

நிஜமான சிக்கல் இதுதான். ஓடுகிற சங்கத்தை மட்டும் பார்த்தால், அங்கே கண்ணில் படுகிற எல்லாமே வெற்றிக்குக் காரணம் மாதிரித் தெரியும். இரண்டு அணி இருக்கிறது, அதனால் ஓடுகிறது என்று எழுதிவிடுவீர்கள். பக்கத்து ஊரில் மூடிய சங்கத்திலும் இரண்டு அணி இருந்து, அந்தச் சண்டையிலேயே அது மூடியிருந்தால்? விளைவை முதலில் பார்த்து, அதை வைத்துக் கேஸைத் தேர்ந்தெடுப்பதன் ஆபத்து இது. நல்ல கேஸ் ஸ்டடி ஆட்களே இதை ஒத்துக்கொள்வார்கள். அதனால் மூடிய சங்கம் ஒன்றையும் பாருங்கள். அதே சாதி அமைப்பு, அதே சந்தை, அதே நூல் விலை, அதே சரக அலுவலகம், ஆனால் படுத்துவிட்டது, அப்படி ஒன்று. முழுசாகச் செய்ய வேண்டாம், நிழலாக இருந்தால் போதும்.

அடுத்தது மாற்று விளக்கங்கள். உங்கள் விளக்கத்துக்குப் போட்டியாக என்னவெல்லாம் சொல்லலாம் என்று எதிரியைப் போல உட்கார்ந்து எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன். இலவச வேட்டி சேலை, சீருடை ஆர்டர் அந்தச் சங்கத்துக்குத் தொடர்ந்து கிடைத்திருக்கலாம், அப்படியானால் அணியும் கிடையாது ஜனநாயகமும் கிடையாது, அரசு ஆர்டர்தான் காரணம். நேர்மையான ஒரு மேலாளர் ரொம்ப காலம் இருந்திருக்கலாம். பக்கத்தில் விசைத்தறியோ பனியன் கம்பெனி வேலையோ வராமல் போயிருக்கலாம், அப்படியானால் ஜனங்கள் தங்கியது விசுவாசத்தால் இல்லை, போக இடம் இல்லாததால். இது ஒவ்வொன்றும் உண்மையாக இருந்தால் பதிவேட்டில் என்ன தெரிய வேண்டும், ஊரில் என்ன காணக்கூடாது என்று களத்துக்குப் போகுமுன் எழுதி வையுங்கள். போய்வந்த பிறகு எழுதினால் அது எப்போதும் உங்களுக்குச் சாதகமாகவே வரும்.

150 கேள்வித்தாள் பற்றி. அளவுசார் ஆளாகவே சொல்கிறேன், சினாப்சிஸில் கருதுகோள் எதுவும் இல்லாமல் வயது வாரியாகத் திருப்தி அளவு என்று கை-ஸ்கொயர் போடுவது சடங்கு. அதைச் செய்து பட்டம் வாங்கலாம், விஷயம் எதுவும் தெரியவராது.

தறிச்சத்தம் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மிஷெல்ஸ் பெயர் எம்.ஏ.வில் பரீட்சைக்குப் படித்தது, என் சங்கத்தோடு சேர்த்து யோசிக்கவே இல்லை.

வைகைக்கரை கேட்டதற்கு: எனக்குத் தெரிந்து முன்னாள் தலைவர்களில் ஒருவர் தறிக்கே திரும்பிவிட்டார், இப்போதும் நெய்கிறார். இன்னொருவர் ஜவுளிக்கடை வைத்து மேலே போய்விட்டார், சங்கத்துப் பக்கம் வருவதில்லை. அதனால் லிப்செட் கதை அப்படியே பொருந்தும் என்று தோன்றவில்லை.

கணக்குப்புள்ளி சொன்ன மாதிரி மூடிய சங்கம் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. உறுப்பினர்களாக இருந்த பெரியவர்கள் பேசுவார்கள். ஆனால் சீருடை ஆர்டர் விஷயம் என் வயிற்றைக் கலக்குகிறது, ஏனென்றால் இந்தச் சங்கத்துக்கு ஆர்டர் வருவது உண்மை.

பதிவேட்டுப்பூச்சி எழுதியது:

ஆர்டர் வருவது உண்மையாக இருந்தால் பயப்பட வேண்டாம், அதைப் பிடித்துக்கொண்டு போங்கள். மூடிய சங்கத்துக்கும் ஆர்டர் வந்ததா? வந்து ஏன் நெய்து கொடுக்க முடியவில்லை? ஆர்டரை உறுப்பினர்களுக்கு யார், எப்படிப் பங்கு பிரித்தார்கள்? இரண்டு சங்கத்துக்கும் ஒரே மாதிரி ஆர்டர் வந்து, ஒன்றில் பங்கீடு எதிரணியின் கண் முன்னால் நடந்து, இன்னொன்றில் நாலு பேருக்குள் முடிந்திருந்தால், உங்கள் விளக்கமும் போட்டி விளக்கமும் ஒரே இடத்தில் வந்து முட்டும். நான் நடக்கும் என்று சொல்லவில்லை, தேட வேண்டிய இடத்தைச் சொல்கிறேன்.

நான் இங்கே எழுத வந்தது சான்று பற்றி. உங்கள் முதல் பதிவில் "கூலி இழுத்தடிப்பதில்லை என்கிறார்கள்" என்று இருக்கிறது. யார் என்கிறார்கள்? மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது சொன்னதா? கூலிப் பதிவேட்டில் சேலை ஒப்படைத்த தேதியும் கூலி கொடுத்த தேதியும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் எத்தனை நாள் என்று மாதம் மாதமாகப் போட்டுப் பாருங்கள். அப்புறம் வீட்டில், தறியடியில் உட்கார்ந்து கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் எல்லாத் தீர்மானமும் "ஏகமனதாக" என்றே இருக்கும், அதை வைத்து ஒற்றுமை என்று எழுதிவிடாதீர்கள், அது எழுத்தரின் நடை. யார் வரவில்லை, யார் கையெழுத்து விடுபட்டது, எந்தப் பொருள் ஒத்திவைக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது என்பதில்தான் சண்டை தெரியும். தணிக்கை அறிக்கையில் குறைபாடுகள் பகுதியை முதலில் படியுங்கள். ஆவணம் ஒன்று சொல்ல, பேட்டி இன்னொன்று சொல்ல, நேரில் பார்ப்பது மூன்றாவதாக இருந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், எழுத விஷயம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்று. உறுப்பினர் பட்டியலில் பெரும்பாலும் ஆண் பெயர்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தார் சுற்றுவது, பாவு பிணைப்பது என்று வீட்டுப் பெண்கள் செய்யும் வேலை எந்தப் பதிவேட்டிலும் வராது. சங்கத்தை விட்டுப் போவதா இருப்பதா என்ற முடிவு வீட்டில் எடுக்கப்படுவது, அதில் அவர்கள் பேச்சுக்கு எவ்வளவு எடை என்று பேட்டி எடுக்காமல் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. அவர்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

ஒரே கேஸில் என்ன கண்டுபிடித்துவிட முடியும் என்று மறுபடி கேட்டால் அமெரிக்கச் சமூகவியலாளர் டயான் வாகன் கதையைச் சொல்லுங்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது நொடியில் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு தொலைபேசிக் கூட்டத்தில் பொறியாளர்கள் இந்தக் குளிரில் வேண்டாம் என்று சொல்லியும் மேலாளர்கள் ஏவ முடிவெடுத்தார்கள் என்பது தெரிந்ததும், கால அட்டவணை நெருக்கடியில் விதியைத் தெரிந்தே மீறினார்கள் என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. வாகனும் நிறுவனக் குற்றம் என்ற அந்தக் கருதுகோளோடுதான் ஆரம்பித்தார். ஆவணங்களுக்குள் போகப் போக அது நிற்கவில்லை. வெளியிலிருந்து விதிமீறலாகத் தெரிந்தவை நாசாவின் நடைமுறைப்படி விதிக்கு உட்பட்டவை. ராக்கெட் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் 1981-ல் இரண்டாவது பயணத்திலேயே அரித்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஆராய்ந்தார்கள், ஏற்கக்கூடிய அபாயம் என்று கையெழுத்திட்டார்கள், மறுபடி ஏவினார்கள். எதுவும் ஆகவில்லை என்பதே அடுத்த முறைக்குச் சான்றாகிவிட்டது. விதியை மீறியவர்களைத் தேடிப் போனவருக்கு விதிப்படி நடந்தே விபத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் கிடைத்தார்கள். பிறழ்வு வழக்கமாகிவிடுதல் என்று அவர் பெயர் வைத்து, 1996-ல் நூல் வந்தது. 2003-ல் கொலம்பியா விண்கலம் அழிந்தபோது விசாரணைக் குழு அவரை அழைத்துப் பேசவைத்தது, அறிக்கையில் அந்தக் கருத்து இடம்பிடித்தது. மருத்துவமனைப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள்கூட இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். எடுத்தது ஒரே ஒரு ஏவுதல் முடிவு.

இதற்குக் கிட்டத்தட்டப் பத்து வருஷம் ஆனது என்பதை மட்டும் உங்கள் கைடிடம் சொல்லாதீர்கள்.

வைவாமுடிச்சவன் எழுதியது:

நடைமுறை விஷயம் மட்டும் சொல்கிறேன். முறையியல் அத்தியாயத்தில் யின் பாதியும், கேஸ் ஸ்டடி பற்றி எழுதிய இன்னொருவரான ராபர்ட் ஸ்டேக் பாதியுமாகக் கலக்காதீர்கள். நிறையப் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். யின் கிட்டத்தட்டச் சோதனைச்சாலை மனநிலையில் எழுதுபவர், முன்கூட்டி முன்மொழிவு, போட்டி விளக்கம், சான்றுச் சங்கிலி எல்லாம் கேட்பார். ஸ்டேக் 1995 நூலில் கேஸை அதன் தனித்தன்மைக்காகவே புரிந்துகொள்வதற்கும் இடம் தருகிறார், பொதுமைப்படுத்துவதைப் பெருமளவு வாசகரின் அனுபவத்துக்கு விட்டுவிடுவார். உங்கள் கேள்வி "ஏன் நிற்கிறது" என்பது, அதனால் யின் பக்கம்தான் வசதி. ஸ்டேக் மொழியில் சொன்னால் உங்களுடையது கருவி வகைக் கேஸ் (வேறொரு பெரிய கேள்வியைப் புரிந்துகொள்ள உதவும் கேஸ்), அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுங்கள்.

கேஸின் எல்லையை ஒரு பத்தியில் கட்டுங்கள். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, சங்கம் என்றால் யார் யார், நூல் வியாபாரி உள்ளேயா வெளியேயா. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் அடி இங்கேதான் விழும்.

உள்ளூர் முன்னுதாரணம் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தே 1960களின் தொடக்கத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரே ஒரு கிராமத்தில் களப்பணி செய்தார். சாதி உயர்வு, நிலவுடைமை, அதிகாரம் மூன்றும் ஒருகாலத்தில் ஒரே கையில் இருந்தது, இப்போது அதிகாரம் பிராமணர்கள் கையைவிட்டு நழுவிவிட்டது, மூன்றும் தனித்தனியாகப் பிரிகின்றன என்பது அவருடைய வாதம். 1965-ல் வந்த அந்த நூலை இன்னும் வகுப்பில் படிக்கிறோம், ஏன் ஒரு கிராமம் என்று இப்போது யாரும் கேட்பதில்லை. அதற்கும் முன்னால் 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களை அவரவர் கிராமத்துக்கே அனுப்பித் தகவல் திரட்டவைத்தார். அந்த ஊர்களில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு அதன்பிறகு வெவ்வேறு தலைமுறை ஆய்வாளர்கள் 2008 வரை திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். நிலமும் கூலியும் சாதியும் ஒரு நூற்றாண்டில் எப்படி நகர்ந்தன என்று அந்த ஒரு ஊரை வைத்துச் சொல்ல முடிந்திருக்கிறது.

நிலாமுற்றம் எழுதியது:

மூன்றாவது சந்தேகத்தை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் மூன்றிலும் கஷ்டமானதாகப் படுகிறது.

பெயர் மாற்றுவது பழைய வழக்கம். பெத்தே எழுதிய ஸ்ரீபுரமும் புனைபெயர், மானிடவியலாளர் கேத்லீன் கஃப் எழுதிய கும்பபேட்டையும் புனைபெயர். அது வெளியூர்க்காரனிடமிருந்து மறைக்கும், ஊர்க்காரனிடமிருந்து மறைக்காது. 1958-ல் விடிச், பென்ஸ்மன் என்ற இருவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரைப் பற்றி எழுதி அதற்கு ஸ்பிரிங்டேல் என்று பெயர் வைத்தார்கள், ஆட்களின் பெயரையும் மாற்றினார்கள். ஊரில் ஒவ்வொருவருக்கும் யார் யார் என்று புரிந்துவிட்டது. ஜூலை 4 ஊர்வலத்தில் எருத் தூவும் வண்டி ஒன்றை ஓட்டிவந்து, அதன்மேல் நூலாசிரியரின் உருவபொம்மையைச் சாணியை நோக்கிக் குனிந்தபடி வைத்து அனுப்பினார்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் உங்கள் ஊரில் ஊர்வலம் வராது, ஒரு நெசவாளருக்குப் பாவு வராமல் போகும்.

அதனால் சங்கத்தின் பெயரை மறைப்பதை ஒரு பாதுகாப்பாக நினைக்காதீர்கள், மறைந்திருக்காது என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். தலைவர், மேலாளர் மாதிரி பதவியில் இருப்பவர்களிடம், அடையாளம் தெரியத்தான் செய்யும் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சாதாரண உறுப்பினர் சொன்னதை எழுதும்போது தெரு, வயது, எந்த அணி என்ற மூன்றையும் ஒரே இடத்தில் தராதீர்கள். யார் எந்த அணிக்கு ஓட்டுப் போட்டார் என்பதை மேற்கோளாகப் போடவே வேண்டாம், வாதத்துக்கு அது தேவையில்லை. மேற்கோள் காட்டப்போகும் வரிகளை அவர்களிடமே படித்துக்காட்டுங்கள். சிலர் "இதை எடுத்துடும்மா" என்பார்கள், எடுத்துவிடுங்கள், அத்தியாயம் கொஞ்சம் மெலிந்தாலும் பரவாயில்லை. ஒலிப்பதிவுகளைச் சங்க அலுவலகத்தில் இருந்தபடி கேட்டு எழுதாதீர்கள். சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைத்தேன், ஆனால் கரண்டும் ஃபேனும் இருக்கிற இடம் அதுதான் என்பதால் ஆட்கள் அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தறிச்சத்தம் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போதைக்கு என் திட்டம் இது: ஓடுகிற சங்கம் முழு கேஸ், மூடிய சங்கம் பழைய உறுப்பினர் பேட்டி, கிடைக்கிற ஆவணம் ஆகியவற்றோடு ஒரு அத்தியாயம். உள்ளே நெசவாளர் வீடுகளில் ஒரு சின்ன சர்வே, கூலித் தேதியும் ஆர்டர் பங்கீடும் மட்டும். திருப்தி அளவு கிடையாது. மிஷெல்ஸ், லிப்செட்டை கோட்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறேன், ஜவுளிக்கடைத் தலைவரையும் விட்டுவிடாமல்.

ஒரு கேள்வி மீதி. மூடிய சங்கத்தின் தீர்மானப் புத்தகமும் தணிக்கை அறிக்கையும் ஊரில் யாரிடமும் இல்லை. ஆர்டிஐ போட்டால் கிடைக்குமா? சங்கமே ஆர்டிஐக்குள் வராது என்று ஒருவர் சொன்னார்.

பதிவேட்டுப்பூச்சி எழுதியது:

அவர் சொன்னது பாதி சரி. 2013-ல் கேரளாவின் தளப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசு நிதியிலோ கட்டுப்பாட்டிலோ பெருமளவு இல்லாத கூட்டுறவு சங்கம் ஆர்டிஐ சட்டத்தின்படி பொது அதிகார அமைப்பு ஆகாது என்று சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், கூட்டுறவு சங்கங்களின் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடமிருந்து பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் வழியாகக் கேட்கலாம், விலக்குகளுக்கு உட்பட்டு அவர் தரவேண்டும் என்றும் இருக்கிறது. அதனால் விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயருக்கு அனுப்பாதீர்கள். அந்தச் சங்கம் வருகிற கைத்தறித் துறை சரக அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். "எல்லா ஆவணமும்" என்று கேட்டால் திருப்பிவிடுவார்கள். எந்த நிதியாண்டின் தணிக்கை அறிக்கை, எந்த ஆண்டில் சங்கத்தைக் கலைக்க ஆணை பிறந்தது, ஆணை நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கலைப்பு அலுவலர் என்று ஒருவரை நியமித்திருந்தால் பழைய புத்தகங்கள் அவர் பொறுப்புக்குப் போயிருக்கும், அவர் பதவியைக் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

விண்ணப்பம் போடுமுன் பல்கலைக்கழகக் கடிதத்தோடு ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். சில அலுவலகங்களில் பழைய கோப்புகளை அங்கேயே உட்கார்ந்து பார்க்க விடுவார்கள், அது நகல் வாங்குவதைவிட உங்களுக்கு உபயோகம், ஏனென்றால் ஓரத்தில் எழுதிய குறிப்புகளையும் பார்க்கலாம்.